நொண்டி நாய் படம் போட்ட தலையணை

லுவான் அம்மாள் அந்தப் பொட்டலத்தைக் கைக்குழந்தையைத் தூக்கிவருவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். யான் சிமூவின் வீட்டு முற்றத்தில் உறைந்து கிடந்த தண்ணீரில் கால் வழுக்கியது. முழங்கை சுவரில் இடிபட்டு ரத்தம் கசிந்ததே தவிர, பொட்டலத்தை அவள் விடவில்லை.

யான் சிமூ மாவட்டக் கச்சேரியில் நெடுநாள் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகன் தெற்கே எங்கோ உத்தியோகத்தில் இருக்கிறான். புத்தாண்டுக்குக்கூட இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பேச்சுத் துணைக்குக் காவலர் பாங் ஒருவர்தான் வந்து போவார். பாங் வந்துவிட்டால் மற்றவர் வாய் திறக்க இடமிருக்காது. யானுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. பாங்குக்குத் தொப்பை பெரிது, ஆர்வம் அதைவிடப் பெரிது. எந்த வழக்கானாலும் சாப்பாட்டு வேளைக்குள் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"ஐயா, என் வீட்டுக்காரர் தலைக்குக் கீழ வச்சு மூடின தலையணை இது," என்றாள் லுவான் அம்மாள். "சந்தையில, பாத்திரக்கடையில, ஊறுகாய் ஜாடிங்களுக்கு நடுவுல வச்சு வித்துக்கிட்டிருந்தாங்க."

பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். எங்கள் சிசௌ பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற பீங்கான் தலையணைதான். கல்லைப் போலச் சுட்ட மண், அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கறுப்பில் படம். ஆனால் படம்தான் வேறு மாதிரி இருந்தது. வழக்கமான தாமரையும் வாத்தும் இல்லை. சாத்தியிருந்த ஒரு வாசற்கதவு. கதவுக்கு வெளியே ஒரு மனிதன் நிற்கிறான்; அவன் காலடியில் முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிய நாய். கதவுக்கு உள்ளே முற்றத்தில் ஒரு பெண் குனிந்து தினை கழுவுகிறாள். அவள் முதுகு மட்டும் தெரிகிறது. பக்கத்தில் குட்டி முக்காலிகள்.

"இது எங்க வீடு. அது எங்க நொண்டி நாய். உலகத்துல வேற யாரு இப்படி ஒரு படத்தைப் போடச் சொல்லுவாங்க? பார்த்ததும் நடுச்சந்தையில அலறிட்டேன். அந்த அலறல்தான் இப்ப ஒருத்தன் உயிருக்கு வினையா வந்திருக்கு."

"கல்லறைக் காவலாள் தியான் ஆர்!" என்று, முன்பே வந்து உட்கார்ந்திருந்த பாங் உற்சாகமாகக் குறுக்கே புகுந்தார். "நான்தான் ஐயா அமுக்கினேன். இவங்க வீட்டுக்காரர் மெங் சோங் கல்லறை வாசல்ல புதுசா செங்கல் வச்சுப் பூசியிருந்துச்சு. கேட்டா, மழையில பெயர்ந்துச்சு, எடுத்துப் பூசினேங்கிறான். யாரு காதுல பூ சுத்தறான்?"

"அவன் அப்படிப்பட்ட ஆளில்லை," என்றாள் லுவான் அம்மாள். "அவர் செத்த அன்னைக்கு எங்கூட இருந்து அழுதது அவன் ஒருத்தன்தான். சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க."

விஷயம் சுருக்கமாக இதுதான். அவள் கணவர் மெங் சோங் சணல் வியாபாரி. போன குளிர்காலத்தில் இறந்தார். சவப்பெட்டியைத் திறந்து திருடியவனுக்குக் கழுத்தை நெரித்துக் கொல்வதுதான் தண்டனை. கல்லறையைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அதற்குச் சம்மதம் தரவேண்டியவர் மெங் சோங்கின் அண்ணன். அவர் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு, தம்பியின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரே பிடியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மனைவிக்கு அந்த உரிமை கிடையாது. மூத்தவர் சம்மதமில்லாமல் திறந்தால், திறந்தவனுக்கும் அதே தண்டனை. மாவட்ட நடுவரோ சந்தேகப்பட்டவனை அடித்து உண்மையை வரவழைக்கச் சொல்லிவிட்டார். தியான் ஆர் வயதானவன். அடி தாங்காமல் செய்ததாக ஒப்புக்கொள்வான், அல்லது ஒப்புக்கொள்ளும் முன்பே செத்துப்போவான்.

"என் வாய்ச் சொல்லால உள்ள போனவன் ஐயா. அவனைக் கொன்னுட்டு அந்த வீட்டுல தனியா நான் எப்படி இருப்பேன்? ஏற்கெனவே இருக்கிறதே பெரும்பாடா இருக்கு."

யான் தலையணையைக் கையில் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திரும்பினார். மேல்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. ஓரங்களில் அவை கண்ணுக்கே தெரியவில்லை. நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளும் பழுப்புமாக எண்ணெய் ஊறியது போல நிறம் ஏறியிருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இதுல தலை வச்சுப் படுத்ததுண்டா?"

"ஐயையோ! சாவுக்குன்னு செஞ்சதுல உயிரோட இருக்கறவங்க தலை வைப்பாங்களா? ரொம்ப வருஷம் முன்னாடி அவரே சொல்லிச் செஞ்சு வாங்கிட்டு வந்தாரு. துணியில சுத்திப் பெட்டியில வச்சோம். அவரு போன அன்னைக்குத்தான் பிரிச்சோம்."

"அந்தக் கறை மண்ணுக்குள்ள இருந்ததால வந்த ஈரம் ஐயா," என்றார் பாங்.

சூளையில் வெடிக்காமலிருக்கத் தலையணையின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். யான் அதில் வாயை வைத்து ஊதினார். கொஞ்சம் தூசியும் ஒரு சிட்டிகை சாம்பலும் பறந்தன. பிறகு தலையணையைக் கவிழ்த்து, அடிப்பக்க ஓரத்தைக் காட்டினார். பூச்சில்லாத சொரசொரப்பான அந்த இடத்தில் விரல் பதிகிற அளவுக்குச் செம்பழுப்பாக ஏதோ தேய்ந்திருந்தது.

"ரத்தம்!" என்று பாங் துள்ளினார்.

"வருஷக்கணக்கா ஒரே இடத்துல ரத்தம் சிந்திக்கிட்டே இருந்தானா பாங்? கொஞ்சம் சும்மா இரு." யான் லுவான் அம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க முற்றத்துல எத்தனை முக்காலி?"

"ரெண்டுதான். நாங்க ரெண்டு பேர்தானே." அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். "இதுல மூணு இருக்கு. நான் இதைக் கவனிக்கவேயில்லை. அன்னைக்கு அழுதுக்கிட்டே வச்சு மூடினேன். எத்தனை இருந்துச்சுன்னு சத்தியமா சொல்லத் தெரியலை."

"இப்படி ஒரு படத்தை ஏன் போடச் சொன்னார்னு கேட்டீங்களா?"

யான் அவசரப்படுத்தாமல் தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கேக்கலை. கேக்கப் பயம். அவரு எப்பவுமே அப்படித்தான் ஐயா. ஊருக்குப் போயிட்டு வந்தா நேரா உள்ள வரமாட்டாரு. வாசலுக்கு வெளியிலயே நாயோட நின்னுக்கிட்டிருப்பாரு. கதவிடுக்குல நாய் வாலு தெரியும். எத்தனையோ நாள் பார்த்திருக்கேன். உள்ள வர மனசில்லாத மனுஷனை என்னன்னு கூப்பிடறது? பேச்சும் கிடையாது. கடைசியில அதையே படமா போட்டுத் தலைக்குக் கீழ வச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

அவள் போன பிறகு பாங் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாருமில்லாதபோது எதற்குத் தாழ்த்தினார் என்று தெரியவில்லை.

"ஐயா, புரிஞ்சுபோச்சு. சின்ன வீடு! அங்க ஒரு தலையணை, இங்க ஒரு தலையணை. அதான் உள்ள வர மனசில்லை."

"சின்ன வீட்டுக்காரி பெரிய வீட்டுப் படத்தை வாங்கித் தலைக்கு வச்சுப்பாளா? உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டுப் பாரேன்."

பாங் தன் மனைவியை நினைத்துப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் இருவரும் சூளைக்காரர் ஊரான குவான்தாய்க்குக் கழுதை வண்டியில் போனார்கள். தலையணை வைக்கோலில் புதைந்து அவர்களுக்கு நடுவே கிடந்தது. ஜாங் ஆற்றங்கரையில் பனி பிடித்திருந்தது. மெங் சோங் தலையணை வாங்கியது ஷாங் குடும்பத்துச் சூளையில் என்று லுவான் அம்மாள் சொல்லியிருந்தாள். ஜாடிகளைக் கட்டி அனுப்ப அந்தச் சூளைக்குச் சணல் கொடுத்துவந்தவரே அவர்தான்.

சூளையின் எஜமானி ஷாங் அம்மாள் குட்டையானவள், குரல் மட்டும் ஆளைவிட உயரம். பாங் முறுக்கிக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கியதும் இடுப்பில் கையை வைத்தாள்.

"யோவ் காவல்காரரே, உங்க அதிகாரத்தை ஊருக்குள்ள வச்சுக்குங்க. சூளை மூட்டற நாள்ல எங்கிட்ட சாமிகூடச் சத்தம் போடாது. என்ன வேணும்?"

யான் தலையணையைக் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க சரக்குத்தான். சணல்காரருக்குச் செஞ்சது. நல்ல மனுஷன்."

"ஒரு படத்துக்கு ஒரு தலையணைதானா?"

"சொல்லி வச்சுச் செய்யற சாமானுக்கு எப்பவும் ரெண்டு. ஒண்ணு சூளையில விரிசல் விட்டா இன்னொண்ணு கைகொடுக்கணுமில்ல? ரெண்டும் முழுசா வந்தா ஒண்ணை உடைச்சுடுவோம். ஒருத்தன் வீட்டுக்குன்னு வரைஞ்சது இன்னொருத்தன் வீட்டுக்குப் போகக் கூடாது."

"வாங்கறவர் கண் முன்னாடியே உடைப்பீங்களா?"

"சாதாரண சாமான்னா அப்படித்தான். சாவுக்குன்னு செய்யறதை யாரும் பாக்கக் கூடாது. பார்த்தா அவங்க ஆயுசும் அதோட உடையும்பாங்க. வாங்கறவர் முதுகைக் காட்டி நிப்பாரு, நானும் முதுகைக் காட்டி நிப்பேன். வரைஞ்சவன் பின்னாடி ஓட்டுக்குப்பை மேட்டுக்கு எடுத்துட்டுப் போயி உடைப்பான். சத்தம் கேட்டதும் திரும்பிப் பாக்காம உள்ள வந்துடுவோம்."

"அப்ப உடைஞ்சது எதுன்னு நீங்க பாக்கலை. சத்தத்தைத்தான் கேட்டீங்க."

சூளை தொடங்கிய நாளிலிருந்து ஷாங் அம்மாளின் மாமனாரும் அப்படித்தான் நின்றார், அவளும் அப்படித்தான் நின்றாள். ஒருநாளும் யாருக்கும் இது தோன்றவில்லை. "எங்க ஆளுங்க அப்படிச் செய்யமாட்டாங்க," என்றாள். குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது.

யான், வேலையாட்கள் தூங்கும் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றார். சூடேற்றும் நீண்ட மண்மேடை ஒன்றில் வரிசையாகப் படுக்கைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சுருட்டலின் மேலும் ஒரு தலையணை. எல்லாம் கோணல், விரிசல், பூச்சு வழிந்தது என்று சூளை கழித்துப்போட்டவை. சூளைக்காரனுக்குத் தலையணைப் பஞ்சம் ஏது? ஆனால் கோடியில், சுவர் ஓரமாக, மற்றப் படுக்கைகளிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த படுக்கையில் மட்டும் தலையணை இல்லை. ஒரு பழைய மேற்சட்டையை மடித்து வைத்திருந்தது.

"இது யாரோட இடம்?"

"கெங் லியாங். எங்க கெட்டிக்கார ஓவியன் அவன்தான். சணல்காரருக்கு வரைஞ்சதும் அவன்தான்," என்றாள் ஷாங் அம்மாள். "குடும்பம் குட்டி எதுவும் கிடையாது. வாய் திறந்து பேசறதும் கிடையாது. பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்குப் போவாங்க, அவன் மட்டும் இங்கயே இருந்து சூளைக்குக் காவல் பார்ப்பான்."

கெங் லியாங் பின்கட்டில் வரைந்துகொண்டிருந்தான். நரை கண்ட, மெலிந்த மனிதன். வெள்ளை பூசிய ஜாடி ஒன்றைத் தொடையில் இடுக்கி, இரும்புக் காவிக் குழம்பைத் தூரிகையில் தொட்டு இலை போட்டுக்கொண்டிருந்தான். தீயில் வெந்த பிறகுதான் அந்தக் குழம்பு கறுப்பாகும். அதுவரை செம்பழுப்பு. அவன் விரல்களில், நகக்கண்களில், மணிக்கட்டில் எல்லாம் அதே நிறம்.

பாங் அந்த விரல்களைப் பார்த்தார், யானைப் பார்த்தார். "ரத்தமில்லை," என்று மெதுவாகச் சொன்னார்.

யான் வைக்கோலை விலக்கித் தலையணையை அவன் முன்னால் வைத்தார். தூரிகை அப்படியே நின்றது. ஜாடியின் மேல் ஒரு சொட்டு விழுந்து, போட்டிருந்த இலையைக் கெடுத்தது.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?" என்றான் கெங் லியாங்.

"நான் சொல்றேன். தப்புன்னா திருத்து," என்று யான் அவன் எதிரில் மணலில் உட்கார்ந்தார். "மண்ணுக்குள்ள ஈரம் பட்டா கறை எங்கேயும் படியும். இதுல நடுவுல மட்டும்தான் படிஞ்சிருக்கு. தலை எண்ணெய், வருஷக்கணக்கா ஊறினது. துளையை ஊதினா தூசியும் சாம்பலும் வருது. கல்லறையில இருந்து வந்திருந்தா மண்ணு வரணும். அதனால இது மெங் சோங் தலைக்குக் கீழ இருந்த தலையணை இல்லை, அதோட ஜோடி. இதுல யாரோ உயிரோட இருக்கறவன் தினமும் படுத்திருக்கான். ஒருக்களிச்சு, ஓரத்துக்குக் கீழ கையைக் கொடுத்துப் படுக்கிற ஆளு. எத்தனை கழுவினாலும் அவன் கையில இந்தக் காவி போறதில்லை. அப்புறம் கொட்டகையில பார்த்தேன். நூறு வீட்டுக்குத் தலையணை வரையறவன் தன் தலைக்குச் சட்டையை மடிச்சு வச்சிருக்கான். வேற தலையணையில அவனுக்குத் தூக்கம் வரலைன்னு நினைக்கிறேன்."

கெங் லியாங் தலையை நிமிர்த்தவில்லை.

"உடைக்கத்தான் எடுத்துட்டுப் போனேன் ஐயா. கை வரலை. பக்கத்துல ஒரு ஓட்டை ஜாடி கிடந்துச்சு, அதைப் போட்டு உடைச்சேன். எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வரையும்போதே பிடிச்சுப்போச்சு."

"மூணாவது முக்காலி?"

அவன் முகம் சிவந்தது. "அவங்க தலையணையில ரெண்டுதான் போட்டேன். இதுல... நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கலாமேன்னு. பைத்தியக்காரத்தனம்தான். யாரு பாக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

பாங் மூக்கை உறிஞ்சினார். குளிர் என்று சொல்லிக்கொண்டார்.

"பின்னே எதுக்குத் தூக்கிப்போட்டே?" என்று யான் கேட்டார்.

"சணல் வரலை. கேட்டா, சணல்காரர் செத்துட்டார்னாங்க. அன்னைக்குப் படுத்தப்போ படுக்க முடியலை. வாசல்ல நிக்கற மனுஷன் இல்லை, உள்ள இருக்கற அம்மா ஒத்தையில. அவங்க வீட்டுல திருட்டுத்தனமா நுழைஞ்சு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அப்பவும் உடைக்க மனசு வரலை. குப்பை மேட்டுல முழுசா வச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தேன், காணோம். எவனோ ஓடு பொறுக்கறவன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

யான் தியான் ஆரின் கதையைச் சொன்னார்.

"நான் வந்து சொன்னா இந்தச் சூளையில என்னை வச்சிருக்கமாட்டாங்க ஐயா. வேற சூளையிலயும் சேர்க்கமாட்டாங்க. உடைக்கச் சொன்னதை உடைக்காதவன்னு பேராயிடும்."

"ஆமா. நீ சொல்லலைன்னா தியான் ஆரை உயிரோட வச்சிருக்கமாட்டாங்க."

அவன் தூரிகையைத் தண்ணீரில் அலசினான். நிதானமாக, மயிர் மயிராகப் பிரித்து அலசித் துடைத்து வைத்தான். பிறகு எழுந்து, மடித்து வைத்திருந்த அந்த மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

கச்சேரியில் கூட்டம் அதிகமில்லை. குளிருக்குப் பயந்து வேடிக்கை பார்க்கிறவர்கள்கூட வரவில்லை. தியான் ஆர் விலங்கோடு தரையில் முழங்காலிட்டிருந்தான். முதுகில் அடிபட்ட இடத்தில் சட்டை ஒட்டிக்கிடந்தது. லுவான் அம்மாள் அவனைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாங் அம்மாள், பாங், கெங் லியாங் எல்லோரும் நின்றார்கள். யான் தலையணையை நடுவர் முன் வைத்து, எண்ணெய்க் கறை, துளைத் தூசி, காவி விரல், மூன்றாவது முக்காலி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஷாங் அம்மாள் சூளை வழக்கத்தைச் சொன்னாள். தன் குடும்பத்துக்கே தலைகுனிவான விஷயம் என்றாலும் மறைக்காமல் சொன்னாள்.

நடுவர் கெட்டவரல்ல. ஆனால் சந்தேகப்படுவதையே அறிவு என்று நினைக்கிற மனிதர்.

"எல்லாம் சரி, யான். ஆனா நீங்க சொன்னதெல்லாம் தலையணையைப் பார்த்தே கட்டிவிடக்கூடிய கதை. கிழவன்மேல இரக்கப்பட்டு இந்த ஓவியன் பொய் சொல்லலாம். இல்லை, யாராவது அவனுக்குக் கையில கொடுத்திருக்கலாம். மெங் சோங்குக்கு வரைஞ்சது இவன்தான், இவன்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சுங்கறதுக்கு என்ன சாட்சி? படத்துல இல்லாத ஏதாவது ஒண்ணை அவன் சொல்லட்டும் பார்ப்போம்."

யான் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. பாங் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

கெங் லியாங் முன்னால் வந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்.

"சணல்காரர் ஒரு நாள் பொழுது முழுக்க எம்பக்கத்துல உக்காந்திருந்தாரு ஐயா. அவரு அதிகம் பேசாத ஆளு, நானும் பேசாத ஆளு. அதனாலயோ என்னவோ, அன்னைக்கு அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. 'உம்மை ஏன்யா வெளியில நிக்க வச்சு வரையணும், உள்ள வந்து அம்மா பக்கத்துல உக்காருங்க'ன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு."

லுவான் அம்மாளின் தலை இன்னும் தாழ்ந்தது.

"ஏன்னு கேட்டேன். 'எம்பொண்டாட்டி தினை கழுவும்போது பாடுவா'ன்னாரு. 'அது பெரிய பாட்டெல்லாம் இல்லை. ராகம் கோணிக்கிட்டுப் போகும். ஆத்தைத் தாண்டிப் போன வாத்து திரும்பி வரலைன்னு ஒரு வரி, அதையே திருப்பித் திருப்பிப் பாடுவா. வேற யாரு முன்னாடியும் பாடமாட்டா, எம் முன்னாடியும் பாடமாட்டா. கதவு கிறீச்சுன்னா நிறுத்திடுவா. அதனால நான் ஊர்ல இருந்து வந்தா கதவைத் தொடமாட்டேன். நாயையும் குரைக்காம பிடிச்சுக்கிட்டு வெளியிலயே நிப்பேன். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ள போவேன்'னாரு. 'வாயைத் திறந்திருக்கிற மாதிரி போட்டுடாதே. நான் கேட்டேன்னு தெரிஞ்சா அப்புறம் பாடவே மாட்டா. முதுகை மட்டும் போடு. எனக்குத் தெரியும் அவ என்ன செய்யறான்னு. செத்த பிறகும் எனக்கு அந்த வாசலே போதும்'னு சொன்னாரு."

நடுவர் லுவான் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது உண்மையா? நீங்க பாடறதுண்டா?"

"உண்டு," என்றாள். "வாத்துப் பாட்டு. எங்கம்மா வீட்டுல கத்துக்கிட்டது. யாருகிட்டயும் சொன்னதில்லை. கேக்க யாருமில்லைன்னு நினைச்சுத்தான் பாடினேன்."

"அப்ப இந்த ஆளு சொல்றது..."

"இந்த ஆளு என் வீட்டுக்காரர்கிட்டதான் கேட்டிருக்கணும். வேற வழியே இல்லை. இது அவரு தலையணை இல்லை ஐயா. அவரோடது அவர்கிட்டதான் இருக்கு. நான் சந்தையில சொன்னது தப்பு. விலங்கைக் கழட்டச் சொல்லுங்க."

நடுவர் கையசைத்தார். பாங் ஓடிப்போய்த் தானே விலங்கைக் கழற்றினார். மாட்டியவரும் அவர்தானே. அவசரத்தில் சாவியை இரண்டு தடவை கீழே போட்டார். தியான் ஆர் எழுந்திருக்க முடியாமல் தடுமாறியபோது தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, ஏதோ மன்னிப்புப் போல முணுமுணுத்தார். கிழவன், பரவாயில்லை என்று தலையாட்டினான்.

ஷாங் அம்மாள் கெங் லியாங்கிடம் பேசாமலே வண்டியேறிப் போய்விட்டாள். அவன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கச்சேரி மதிலோரம் நின்றான். யான் அவனருகே போய், தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்றார். இரக்கப்பட்டுச் சொல்வது போலத்தான் சொன்னார். கெஞ்சுகிறார் என்பது பாங்குக்கு மட்டும் புரிந்தது. அன்றைக்கு பாங் அதைப் பற்றி ஒன்றும் பேசாமலிருந்ததே பெரிய விஷயம்.

லுவான் அம்மாள் கச்சேரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு அடக்க முடியாமல். இத்தனை வருஷமாக அந்த மனிதன் உள்ளே வர மனசில்லாமல் நிற்கிறான் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறாள். ஒரு தடவை கதவைத் திறந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் பாட்டும் நின்றுபோயிருக்கும். இரண்டில் எது நல்லது என்று இப்போது யார் சொல்ல முடியும்?

பாங் அவளைத் தேற்றப் போனார். யான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தியான் ஆர் சுவரைப் பிடித்துப் பிடித்து மெல்ல வந்தான். அவள் உட்கார்ந்திருந்த அதே படியில், மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி, முதுகு வலிக்காமல் பார்த்து உட்கார்ந்தான். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"உன்னைக் கொல்லப் பார்த்தேனே தியான் ஆர்," என்றாள் அவள், முகத்தை நிமிர்த்தாமல்.

"அலறினீங்க. புருஷன் தலையணையைக் கடையில பார்த்தா யாருதான் அலறமாட்டாங்க?" என்று கிழவன் எழுந்தான். "வாங்கம்மா, போவோம். ரெண்டு பேருக்கும் ஒரே பாதைதானே. என்னால வேகமா நடக்க முடியாது, கொஞ்சம் மெதுவா வாங்க."

அவள் எழுந்து அவனுடைய நடைக்குத் தக்கபடி கூடவே நடந்தாள்.